வேலிச் செடிகளில் இரைவிழுங்கிப் பேன்கள்: தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் தேடினால் என்ன கிடைக்கும்?

ஆகஸ்ட் 9

ஓசூர் பக்கம் பசுமைக்குடிலில் ரோஜா போட்டிருக்கும் வாசகர் கேட்டது: "செம்பேனைத் தின்னும் பேன் நம்ம ஊரில் கிடையாது, வெளிநாட்டிலிருந்து புட்டியில் வந்தால்தான் உண்டு என்கிறார் மருந்துக்கடைக்காரர். காட்டுச் செடியில் தேடுவது பட்டம் வாங்குகிறவர்கள் வேலையா, விவசாயிக்கும் அதில் ஏதாவது உண்டா?"

ஆகஸ்ட் 9, இரவு

கிடையாது என்பது தவறு. இங்கே பேன் என்பது தலைப்பேன் அல்ல, செடியில் வாழும் எட்டுக்கால் நுண்ணுயிர் (மைட்). செம்பேன் இலைச் சாற்றை உறிஞ்சி வலை பின்னுவது. அதுபோன்றவற்றைத் தின்னும் பேன்தான் இரைவிழுங்கி. உங்கள் குடிலுக்கு வெளியே வரப்பில் ஆமணக்கு நிற்கிறதா? மருந்து படாத செடியாகப் பார்த்து, நடுத்தர வயதுள்ள இலை ஒன்றைத் திருப்புங்கள். பத்து மடங்கு லென்ஸ் போதும். நரம்புகள் பிரியும் இடத்தில், வெளிர் நிறத்தில், பளபளவென்று ஒன்று ஓடும். நீளம் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. செம்பேன் நின்ற இடத்தில் மேயும், தொட்டால் மெதுவாக நகரும். இரைவிழுங்கியோ வெளிச்சம் பட்டதும் நரம்பு மறைவுக்குப் பாய்ந்துவிடும். வேகத்தை வைத்தே பாதி அடையாளம் கண்டுவிடலாம்.

இவற்றின் குடும்பம் பைட்டோசியிடே. உலகத்தில் 2,500 இனங்களுக்கு மேல் பெயர் வைத்திருக்கிறார்கள். இந்திய இனங்களுக்குக் கல்கத்தா விலங்கியல் அளவைத் துறையில் இருந்த எஸ்.கே.குப்தா 1986-ல் தனித் தொகுதியே எழுதினார். பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தில் பயிர்களின் பேன் ஆராய்ச்சிக்கென்று அகில இந்தியத் திட்டம் நடக்கிறது. ஓசூரிலிருந்து பஸ் ஏறினால் காலை டிபனுக்குப் போய்விடலாம். கடைக்காரருக்குத் தெரியவில்லை என்பதற்காக இல்லை என்று ஆகிவிடாது.

ஆகஸ்ட் 10

புட்டி விஷயத்தை நேற்று விட்டுவிட்டேன். உலகம் முழுக்கச் செம்பேனுக்கு விற்கிற பைட்டோசியுலஸ் பெர்சிமிலிஸ் யாரும் திட்டம் போட்டுக் கண்டுபிடித்தது அல்ல. 1958-ல் சிலியிலிருந்து ஜெர்மனிக்குப் போன ஆர்க்கிட் செடிகளில் ஒட்டிக்கொண்டு தானாகப் போய்ச் சேர்ந்தது. வெள்ளை ஈக்கும் இலைப்பேன் என்னும் த்ரிப்ஸ் பூச்சிக்கும் விடுகிற ஆம்ப்ளிசியஸ் ஸ்விர்ஸ்கி, இஸ்ரேலில் ஒரு வாதுமை மரத்திலிருந்து எடுத்து 1962-ல் பெயர் வைத்தது. புட்டிக்குள் இருப்பதும் யாரோ ஒருவர் ஊர் மரத்தில் இருந்ததுதான்.

அப்புறம், அவற்றை நினைத்தபடி வரவழைக்க முடியாது. 2003-ன் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி உயிரி எதிரிகளை இறக்குமதி செய்ய அனுமதி வேண்டும். யாராவது சூட்கேஸில் கொண்டுவந்து கொடுத்தால் வாங்காதீர்கள்.

ஆகஸ்ட் 12

ஓடுவதெல்லாம் இரைவிழுங்கியா என்று பாலக்கோட்டிலிருந்து ஒரு தம்பி கேட்கிறார். இல்லை. டைடெயிட் என்றொரு கூட்டம் உண்டு, அதைவிடச் சிறியது, மென்மையானது, பெரும்பாலும் பூஞ்சணத்தையும் மிச்சம் மீதியையும் தின்றுகொண்டு இலையில் சுற்றும். சிவப்பாக, பைத்தியம் பிடித்ததுபோல வட்டமடிப்பது அனிஸ்டிஸ். அது கொன்று தின்பதுதான், ஆனால் வேறு குடும்பம். மழை விட்டதும் மண்ணில் ஊருமே தம்பலப்பூச்சி, அதற்கும் எட்டுக் கால், அதுவும் வேறு குடும்பம்.

சந்தேகம் வந்தால் முட்டையைத் தேடுங்கள். செம்பேன் முட்டை உருண்டை. பைட்டோசியிட் முட்டை நீள்வட்டம், அதைவிடப் பெரியது, நரம்போரம் மயிரில் ஒட்டியிருக்கும். முட்டைக்கு ஓடத் தெரியாது என்பது நமக்கு வசதி.

வாட்ஸ்அப்பில் மங்கலான மஞ்சள் புள்ளியை அனுப்பி "சார் இது என்ன இனம்" என்று கேட்பவர்களுக்கு: மஞ்சள் புள்ளி.

ஆகஸ்ட் 30

புங்க மரம். எங்கள் பக்கம் சாலையோரம் முழுக்க இதுதான், இலை முழுக்கக் கொப்புளம். பலர் அதை நோய் என்று நினைக்கிறார்கள். அது ஈரியோபைட் என்ற நுண்பேன் கட்டிக்கொண்ட வீடு. அதற்கு நான்கே கால், புழு மாதிரி உடம்பு, சாதாரண லென்ஸில் தெரியாது. கொப்புளத்தின் வாய் மிகவும் குறுகல், பைட்டோசியிட் உடம்பு உள்ளே நுழைவது கஷ்டம். ஆனால் கொப்புளம் உள்ள இலைகளிலேயே அவை அதிகம் நடமாடுவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். புது இலை தேடி வெளியே வருகிறவற்றைப் பிடிக்கின்றன என்பது என் ஊகம். கொப்புளம் இல்லாத புங்க இலையையும் அதே மரத்தில் அதே அளவுக்குப் பறித்து ஒப்பிட்டால்தான் ஊகம் தகவலாகும். யாராவது மாணவர் இதை எடுத்துக்கொள்ளலாம். செலவே இல்லை, மரம் கல்லூரி வாசலில் நிற்கிறது.

செப்டம்பர் 7

"நாட்டுச் செடி" பட்டியல் என்று ஒருவர் அனுப்பியதில் புளி, கொய்யா, சப்போட்டா, ஆமணக்கு எல்லாம் இருக்கின்றன. புளி ஆப்பிரிக்க மரம், எவ்வளவு காலமாக நம்மோடு இருந்தாலும். கொய்யாவும் சப்போட்டாவும் அமெரிக்கா. நானே முதலில் ஆமணக்கைச் சொன்னேன் என்று மடக்குவீர்கள். பேனைப் பார்க்கச் சொன்னேன், பட்டியலில் சேர்க்கச் சொல்லவில்லை.

நாட்டுச் செடிகளின் பேன் வளம் என்று கணக்கெடுப்பதானால் உசில், வெள்வேல், வெட்பாலை, நுணா, புங்கன், ஆவாரை, நொச்சி, நாவல், அத்தி, ஆல் என்று தொடங்கலாம். பென்னாகரம் போகிற வழியில் பாதிக்கு மேல் ஒரே சாலையில் கிடைக்கும். சீமைக்கருவேலத்தையும் உன்னிச்செடியையும் தனி வரிசையில் வைத்து அவற்றிலும் பறியுங்கள். வந்தேறிச் செடியில் எது ஏறியிருக்கிறது என்று தெரிவதும் முக்கியம். எங்கும் ஏறிவிடுகிற சில இனங்கள் எல்லாப் பட்டியலிலும் முதலிடத்தில் நிற்கும். யூசியஸ் ஓவாலிஸ் அப்படிப்பட்டது, தென்னிந்தியாவில் இலையைத் திருப்பினால் அதுதான்.

செப்டம்பர் 21

எப்படிப் பிடிப்பது என்று பலர் கேட்டுவிட்டார்கள். நீளமாகவே எழுதுகிறேன்.

தட்டிப் பிடிப்பது எளிது. கறுப்புத் தட்டைக் கிளைக்கு அடியில் பிடித்து, கிளையைக் கம்பால் தட்டினால் வெளிர்நிறப் பேன்கள் தட்டில் ஓடுவது தெரியும். சாராயத்தில் நனைத்த மெல்லிய தூரிகையால் தொட்டு எடுக்க வேண்டியதுதான். உசில், வெள்வேல் மாதிரி சின்ன இலை மரங்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் வலைக்குள் இருப்பதும், மயிர் அடர்ந்த இலையில் புதைந்திருப்பதும், நரம்புக் கக்கத்துக் குழியில் ஒளிந்திருப்பதும் தட்டினால் விழாது. தட்டு மட்டும் வைத்துக்கொண்டு "இந்தச் செடியில் இரண்டே இனம்" என்று எழுதுகிறவர்கள் தட்டைப் பற்றி எழுதுகிறார்கள், செடியைப் பற்றி அல்ல.

கழுவிப் பிடிப்பது அடுத்தது. இலைகளை வாளியில் போட்டு, சாராயம் கலந்த நீரிலோ சோப்புத் துளி விட்ட நீரிலோ குலுக்கி, அந்த நீரை மிக நுண்ணிய சல்லடையில் வடித்து, சல்லடையில் நின்றதை 70 சதவீத சாராயத்தில் கழுவிப் புட்டியில் எடுப்பது. ஒளிந்திருப்பதும் வந்துவிடும். தூசியும் வந்துவிடும். செங்கல் சூளைக்குப் பக்கத்து மரமாக இருந்தால் பாதி நாள் சேற்றில்தான் தேடுவீர்கள்.

இலையை வீட்டுக்குக் கொண்டுவந்து பார்க்கிறவர்கள் பறித்ததும் பிளாஸ்டிக் பையில் போட்டு, காகிதம் ஒன்றை உள்ளே வைத்து, ஐஸ் போட்ட தெர்மோகோல் பெட்டியில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் டவுன் பஸ்ஸில் ஊர் வந்து சேர்வதற்குள் பை வியர்த்து எல்லாம் நீரில் மூழ்கியிருக்கும். பெட்டியில் மீன் இருக்கிறதா என்று கண்டக்டர் கேட்பார். இலை என்று சொன்னால் இன்னும் சந்தேகமாகப் பார்ப்பார்.

சாராயம் என்றதும் சிரிக்கிறவர்களுக்கு: ஆய்வகச் சாராயம் உரிமம் உள்ள கல்லூரி வழியாகத்தான் கிடைக்கும். தனி ஆளாகத் தொடங்குகிறவர்கள் கல்லூரி விலங்கியல் துறையில் ஒருவரைப் பிடித்துக்கொள்வது நல்லது, மைக்ராஸ்கோப்புக்கும் அவர்தான் வேண்டும்.

செப்டம்பர் 22

விட்டுப்போனது: எத்தனை இலை, எத்தனை மரம், எவ்வளவு நேரம் தட்டினீர்கள் என்று ஒவ்வொரு செடிக்கும் ஒரே அளவாக வைத்துக்கொள்ளுங்கள். ஆலமரத்தில் பத்து இலையும் நொச்சியில் நூறு இலையும் பறித்துவிட்டு நொச்சியில்தான் வளம் என்றால் சரியாகாது.

அக்டோபர் 12

ஓசூர்காரருக்கு நான் முதல் நாள் எழுதிய பதிலுக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது.

பைட்டோசியிடுகள் எல்லாம் ஒரே மாதிரித் தின்பவை அல்ல. மெக்மர்ட்ரி, கிராஃப்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1997-ல் இவற்றை உணவுப் பழக்கத்தை வைத்து நான்காகப் பிரித்தார்கள். முதல் வகை செம்பேனைத் தவிர வேறு எதையும் சீந்தாதவை, பெர்சிமிலிஸ் அப்படி. இரண்டாவது செம்பேனை விரும்புபவை, கிடைக்காவிட்டால் வேறு சிலவற்றையும் தின்று காலம் தள்ளும். மூன்றாவது எது கிடைத்தாலும் சரி என்பவை. நான்காவது மகரந்தமே முக்கிய உணவாக வாழ்ந்து, இடையில் பேனையும் தின்பவை.

நம் வேலிச் செடிகளில் எண்ணிக்கையில் அதிகம் வருவது யூசியஸ், அதாவது நான்காம் வகை. ஆமணக்கில் அது குவிவதற்கு மகரந்தம் ஒரு பெரிய காரணம். செம்பேன் கட்டும் வலைக்குள் நுழைய அதற்கு வராது, காலும் உடம்பும் சிக்கிக்கொள்ளும். ஆகவே, வரப்பு முழுக்க இரைவிழுங்கி இருக்கிறது என்று கணக்கெடுப்பு சொன்னாலும், குடிலுக்குள் வலை பின்னிய ரோஜாவுக்கு அதனால் பெரிய உதவி இல்லை. வேலைக்கு ஆகாது என்று கடைக்காரர் சொல்லியிருந்தால் பாதியாவது ஒப்புக்கொண்டிருப்பேன். அவர் சொன்னதோ கிடையாது என்று.

உங்களுக்கு வேண்டியது நியோசியுலஸ் லாங்கிஸ்பினோசஸ். இவான்ஸ் 1952-ல் இந்தோனேசியாவிலிருந்து விவரித்தது, நம் நாட்டிலும் பரவலாக உண்டு. முதுகில் நீளமான மயிர்கள். வலைக்குள் தயங்காமல் போகும், செம்பேன் முட்டையை ஒன்றன்பின் ஒன்றாக உறிஞ்சும். இது ஆலிலும் அத்தியிலும் சும்மா உட்கார்ந்திருக்காது. செம்பேன் பிடித்த அவரை, கத்தரி, ஆமணக்கு, களைச்செடி என்று இரை இருக்கும் இடத்தில்தான் இருக்கும். நாட்டு மரங்களில் மட்டும் தேடினால் விவசாயிக்கு மிகவும் வேண்டிய இனமே கணக்கில் விழாமல் போகலாம். நம் கணக்கெடுப்புத் திட்டங்களில் எனக்கு இருக்கும் பெரிய குறை இதுதான்.

அக்டோபர் 13

"அப்போ யூசியஸ் வேஸ்ட்டா?" என்று கேட்கிறார்கள். அப்படிச் சொல்லவில்லை. வலை கட்டாத பேன்கள், ஈரியோபைட், இலைப்பேன் குஞ்சு, வெள்ளை ஈ முட்டை இதெல்லாம் அது தின்னும். இரை இல்லாத மாதங்களிலும் மகரந்தத்தைத் தின்று செடியிலேயே இருக்கும். அவசரத்துக்குக் கூப்பிட முடியாது, ஆனால் அவசரம் வராமல் பார்த்துக்கொள்ளும்.

அக்டோபர் 26

ராயக்கோட்டைத் தக்காளிக்காரர்களுக்குக் கெட்ட செய்தி. தக்காளி இலையிலும் தண்டிலும் இருக்கும் பிசுபிசுப்பு மயிர்கள் செம்பேனைவிட இரைவிழுங்கியைத்தான் அதிகம் சிரமப்படுத்துகின்றன. பக்கத்து வேலியில் எத்தனை இனம் இருந்தாலும் தக்காளிக்குள் இறங்குவது குறைவு. அதே சமயம் மயிர் எல்லாமே எதிரி அல்ல. பைட்டோசியஸ் என்ற பேரினம் மயிர் அடர்ந்த இலையையே தேடிப் போகும். வழவழப்பான இலையில் மட்டும் பறித்தால் அந்தப் பேரினமே உங்கள் பட்டியலில் வராது. பறிக்கும்போதே இலையின் அடிப்பக்கம் மயிரா, வழவழப்பா, மெழுகா என்று எழுதிக்கொள்ளுங்கள்.

நவம்பர் 9

அரூரிலிருந்து மரவள்ளி பற்றிக் கேள்வி. இது நல்ல கதை. தென் அமெரிக்காவின் பச்சைப்பேன் ஒன்று 1971-ல் உகாண்டாவில் தென்பட்டு, ஆப்பிரிக்காவில் மரவள்ளி விளையும் பகுதி முழுக்கப் பரவியது. அதன் ஊரிலேயே தேடி, பிரேசிலிலிருந்து டைப்லோட்ரோமாலஸ் அரிப்போ என்ற பைட்டோசியிடைக் கொண்டுவந்து 1993-ல் பெனின் நாட்டில் விட்டார்கள். நன்றாக ஊன்றிக்கொண்டது. அது பகலில் மரவள்ளியின் நுனிக் குருத்துக்குள் பதுங்கி, இரவில் இலைகளுக்கு இறங்கி வேட்டையாடும். பகலில் இலையை மட்டும் திருப்பிப் பார்க்கிறவர்களுக்கு அது தென்படுவது அரிது.

அரூர் மரவள்ளியில் அந்த இனத்தை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் பாடம் நமக்கும்தான்: குருத்தையும் பிரித்துப் பாருங்கள், முடிந்தால் இருட்டியபிறகு ஒருமுறை டார்ச்சோடு போய்ப் பறியுங்கள். இருட்டில் மரவள்ளிக் காட்டில் டார்ச் அடித்தால் பன்றிக் காவல்காரர்கள் வருவார்கள், முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள்.

நவம்பர் 10

தென்னையையும் சேர்க்கச் சொல்கிறார் காவேரிப்பட்டணத்து அண்ணன். சேர்க்கலாம். தென்னை ஓலையின் சிவப்புப் பேன் ராவோயெல்லா இண்டிகாவை 1924-ல் ஹர்ஸ்ட் விவரித்ததே கோயம்புத்தூர் தென்னையிலிருந்துதான். அது 2004-ல் கரீபியன் தீவுகளில் தென்பட்டு, அங்கே பெரிய தொல்லையானது. அதைத் தின்பவற்றில் அடிக்கடி கூடவே காணப்படுவது ஆம்ப்ளிசியஸ் லார்கோஎன்சிஸ், நம் தென்னையிலும் உண்டு.

காய்களைச் சொறிபிடிக்க வைத்த ஈரியோபைட் வேறு கதை. 1998-ல் கேரளத்தில் தென்பட்டு அப்புறம் இங்கே வந்தது, எல்லோருக்கும் நினைவிருக்கும். அது காயின் காம்பையொட்டி மூடியிருக்கும் தொட்டுக்கு அடியில் இருக்கும். நியோசியுலஸ் பராக்கியின் உடம்பு தட்டையாக, நீண்டு இருப்பதால் அந்த இடுக்கில் நுழைய முடிகிறது. ஓலையைத் தட்டினால் இது கிடைக்காது, காயை இறக்கித் தொட்டைக் கழற்றினால்தான் உண்டு.

டிசம்பர் 1

வத்தல்மலை காப்பியில் பார்த்தது. காப்பி இலையின் அடியில், நடு நரம்பிலிருந்து கிளை நரம்பு பிரியும் கக்கத்தில் சின்னக் குழி இருக்கும். டொமேஷியா என்பார்கள், லுண்ட்ஸ்ட்ரோம் 1887-ல் வைத்த பெயர். செடி பேன்களுக்குக் கொடுக்கும் இருப்பிடம். செடிக்குக் கூலி, பூஞ்சணமும் தீங்குப் பேனும் குறைவது. ஊசி முனையால் குழியைக் கிளறினால் சில இலைகளில் முட்டை, சிலவற்றில் உரித்த சட்டை, பலவற்றில் ஒன்றும் இல்லை.

காப்பி நம் செடி அல்ல. ஆனால் அதன் குடும்பம்தான் நுணா. அந்தக் குடும்பத்து நாட்டுச் செடிகளில் இதுபோன்ற குழியும் மயிர்க்கொத்தும் நிறைய. மலையில் இருப்பவர்கள் முதலில் அவற்றைப் பாருங்கள். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் ஓர் இலைகூடப் பறிக்காதீர்கள். மேலகிரிக்கும் ஒகேனக்கல் பக்கத்துக்கும் இதேதான். பட்டா நிலத்து வேலியிலேயே வேலை நிறைய இருக்கிறது.

டிசம்பர் 14

"புது இனம் கண்டுபிடித்துவிட்டேன்" என்று எழுதியிருப்பவருக்கு. பேன் உயிரோடு இருக்கும்போது இனம் சொல்ல முடியாது, நானும் சொல்லமாட்டேன், பெரிய நிபுணரும் சொல்லமாட்டார். லாக்டிக் அமிலத்தில் தெளிய வைத்து, ஹாயர் கரைசலில் ஸ்லைடு செய்து, 45, 50 டிகிரி சூட்டில் ஒரு வாரம் போல உலர்த்தி, ஃபேஸ் கான்ட்ராஸ்ட் மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். வளர்ந்த பெண் பேன் வேண்டும். முதுகு மயிர்களின் நீளமும் இடமும், வயிற்றுக் கேடயத்தின் வடிவம், விந்துப்பையின் கழுத்து, நான்காவது காலின் நீள மயிர்கள், இவற்றை அளந்துதான் இனம். விந்துப்பை சரியாகத் தெரியாத ஸ்லைடைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததைச் செய்யுங்கள். ஹாயருக்கு வேண்டிய குளோரல் ஹைட்ரேட் நச்சு, வீட்டுச் சமையலறையில் கலக்க வேண்டாம்.

அதன்பிறகும் புதியது என்று தோன்றினால் பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தில் காட்டுங்கள். உண்மையாகவே புதியதானால் மூல மாதிரியை, அதாவது எந்தப் பேனை வைத்துப் பெயர் வைக்கிறார்களோ அதை, தேசியக் காப்பகத்தில் வைக்க வேண்டும்.

டிசம்பர் 15

எப்போது பறிப்பதை நிறுத்துவது என்ற கேள்விக்கு: ஒற்றையாகக் கிடைத்தவற்றைப் பாருங்கள். ஆன் சாவ் என்ற புள்ளியியலாளர் 1984-ல் கொடுத்த கணக்கு ஒன்று உண்டு. பத்து இனம் கிடைத்தது, அதில் நான்கு ஒரே ஒரு பேனாக வந்தவை, இரண்டு இரண்டே பேனாக வந்தவை என்று வைத்துக்கொள்வோம். நான்கின் வர்க்கம் 16. அதை இரண்டின் இருமடங்கான 4-ஆல் வகுத்தால் 4. பத்தோடு கூட்டினால் குறைந்தது 14 இனம் அங்கே இருக்க வேண்டும், நான்கு இன்னும் உங்கள் கைக்கு வரவில்லை. ஒற்றைகள் குறையும்வரை பறியுங்கள்.

ஜனவரி 4

கிருஷ்ணகிரி மாந்தோப்புகளில் பூ எடுக்கும் நேரம் நெருங்குகிறது, தத்துப்பூச்சிக்கு மருந்து அடிக்கத் தொடங்குவார்கள். பைரித்ராய்டு மருந்துகள் இரைவிழுங்கிகளைக் கொன்றுவிடும், செம்பேன் மிஞ்சிப் பெருகும். அடித்தபிறகு பறித்த மாதிரியை அடிக்காததோடு கலக்காதீர்கள். மாவின் செம்பேன் இலையின் மேல்பக்கத்தில் மேயும், இரைவிழுங்கி பெரும்பாலும் அடிப்பக்கம் தங்கும். இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக எழுதுங்கள்.

ஜனவரி 5

ஓசூர்காரர் ஆமணக்கிலும் அவரையிலும் எடுத்த புட்டிகளை அனுப்பியிருக்கிறார். சந்தோஷம். ஆனால் சீட்டைப் பேனாவில் எழுதி வெளியே ஒட்டியிருக்கிறார், சாராயம் கசிந்து எல்லாம் நீலமாக ஓடிவிட்டது. எது ஆமணக்கு, எது அவரை என்று தெரியவில்லை. அண்ணே, பென்சிலில் எழுதிப் புட்டிக்குள்ளேயே போடுங்கள்: செடி, ஊர், தேதி, பறித்தவர் பெயர். அவரையிலிருந்து மறுபடி எடுத்து அனுப்புங்கள், அதைத்தான் முதலில் ஸ்லைடு போடுவேன்.